பல்லை இளித்த அலுமினியம்

எங்கள் ஆய்வகத்தில் உலோகத்தை முறியும் வரை இழுத்துப் பலம் பார்க்கும் 50 கிலோநியூட்டன் இழுவை இயந்திரத்தில் ஐந்து வாரங்கள் ஓர் அட்டை தொங்கியது. ‘பழுது. தொடாதீர்கள்’ என்று அதில் எழுதியது நான்தான். அந்த ஐந்து வாரங்களில் அதன் பிடிகளைக் கழற்றிக் கழுவினேன். எர்த் குழியில் உப்பும் தண்ணீரும் ஊற்றினேன். சர்வீஸ் ஆளை வரவழைத்துப் பெல்ட்டை இறுக்க வைத்தேன். நான் தேடிய பழுது அந்த இயந்திரத்தில் இருக்கவே இல்லை. இந்த அலுமினியக் கலவையை இழுக்கப்போகும் அடுத்த மாணவருக்கு ஐந்து வாரம் மிச்சமாகட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பி.இ.யில் நான் படித்தது இயந்திரவியல். உலோகவியலுக்கு எம்.டெக்.கில்தான் வந்தேன். உலோகம் என்றால் இழுக்கும் சுமைக்கும் நீட்சிக்கும் வரைந்த ஒரு வளைகோடு, அதில் மீள்வரம்பு (தாண்டினால் பழைய நீளத்துக்குத் திரும்பாது), உச்சத் தகைவு (குறுக்குவெட்டின் ஓர் அலகுப் பரப்பு தாங்கும் அதிகபட்ச சுமை), முறிவு என்று மூன்று புள்ளிகள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆய்வுக்குக் கிடைத்தது 5083 என்ற அலுமினியக் கலவை. அதில் 4 முதல் 4.9 சதவீதம் வரை மக்னீசியம், கொஞ்சம் மாங்கனீசு, துளி குரோமியம். உப்பு நீருக்கு அசையாது, வெல்டிங்குக்கு ஒத்துக்கொள்ளும். படகுக்கும் கப்பலுக்கும் இதைத் தேடிப்போகிறவர்கள் அதனால்தான் தேடுகிறார்கள். 3 மில்லிமீட்டர் தகட்டை 415 டிகிரியில் ஒரு மணி நேரம் அனீலிங் செய்து, அதாவது சூடாக்கி மென்மையாக்கி, ஒரு தொகுதி, குளிர்நிலையில் உருட்டி வேறு சில தொகுதிகள். எது எவ்வளவு நீளும் என்று அளந்து அட்டவணை போட வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் சிக்கலில்லாத வேலை என்று நினைத்திருந்தேன்.

ஒயர் கட்டிங்கில் வெட்டிய மாதிரிகள் 100 மி.மீ. நீளம். நடுவில் 32 மி.மீ. தூரத்துக்கு 6 மி.மீ. அகலமாக ஒடுங்கியிருக்கும். அந்த இடத்தில் குறுக்குவெட்டு 18 சதுர மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 1.92 மி.மீ. வேகத்தில் இழுத்தால் ஒடுங்கிய பகுதி வினாடிக்குத் தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும். நான் தேர்ந்தெடுத்த வேகம் அதுதான்.

முதல் மாதிரியைப் போட்டேன். கோடு நேராக ஏறியது. 140 மெகாபாஸ்கல் அருகே வளைந்தது. வளைந்து சற்றுத் தூரம் போனதும் நடுங்க ஆரம்பித்தது. சுமை நூறு நியூட்டன் விழும், மெல்ல ஏறும், மறுபடி விழும். முறியும் வரை இதே கதைதான். திரையில் தெரிந்தது ரம்பத்தின் பல்வரிசை. உச்சம் 290, நீட்சி 22 சதவீதம். எண்கள் கையேட்டில் இருப்பவைதாம், கோடுதான் கையேட்டில் இல்லாதது. இரண்டாவது, மூன்றாவது மாதிரிகளும் அப்படியே பல்லை இளித்தன. அட்டையை எழுதி மாட்டினேன்.

வழிகாட்டியாக இருக்கும் மேடம் அப்போது மகளின் பிரசவத்துக்காக ஒரு மாத விடுப்பில் போயிருந்தார். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். “பிடியில் மாதிரி வழுக்குகிறது மேடம், சரிசெய்கிறேன்” என்று ஒரு வரி செய்தி மட்டும் அனுப்பினேன். கண்டுபிடித்துவிட்ட தொனியில் அனுப்பியதால் அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வழுக்கல் என்று நான் முடிவுகட்டியதற்குக் காரணம் இருந்தது. பல்லின் உருவத்தைப் பாருங்கள்: சட்டென்று இறக்கம், பிறகு சாவகாசமான ஏற்றம். மின் இரைச்சல் என்றால் மேலும் கீழும் சமமாக ஆடும். பிடிக்குள் மாதிரி ஒரு நூலிழை நழுவினால் சுமை இப்படித்தான் சட்டென்று விழும். தர்க்கம் சரிதான், அதைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் தவறு.

பிடிகளைக் கழற்றினோம். இங்கே ‘ஓம்’ என்பதில் பாதிக்கு மேல் ஆய்வக அண்ணன். இருபது வருடமாக அந்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறவர். தாடைகளின் பல் இடுக்குகளில் பழைய அலுமினியத் துகள் அடைத்துக் கிடந்தது. பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தோம். ஆப்பு வழுக்கும் முகங்களில் கிரீஸ் தடவினோம். மாதிரி பிடிக்குள் நுழையும் விளிம்பில் மெல்லிய மார்க்கர் கோடு போட்டு இழுத்தேன். முறிந்த பிறகு பார்த்தால் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. அப்படியானால் வழுக்கவில்லை. அதை நான் ஒப்புக்கொண்டேனா? உப்புத்தாளை மடித்துத் தாடைக்கும் மாதிரிக்கும் நடுவில் வைத்து இன்னும் மூன்று மாதிரிகளை வீணாக்கினேன். ஒரு மாதிரியை வெட்ட எவ்வளவு ஆகிறது என்பதை ஒயர் கட்டிங் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் மின்சாரத்தின் மேல் சந்தேகம் திரும்பியது. பக்கத்து அறையில் உள்ள மஃபிள் உலை என்ற மின் உலை, தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்சின் கட்டுப்பாட்டில் ஓடுவது. அதன் அழுக்கெல்லாம் எங்கள் சுமை உணரியின் கம்பிக்குள் வருகிறது என்று ஒரு சீனியர் அடித்துச் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு உலை அணைந்த பிறகு வந்து இழுத்தேன். பற்கள் இருந்தன. எர்த் குழி காய்ந்திருக்கும் என்று அண்ணன் சொன்னதால் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு கிலோ கல்லுப்பும் அதற்குப் போயின. பற்கள் அசரவில்லை. மாதிரி இல்லாமல் வெறும் இயந்திரத்தை ஓடவிட்டு இரைச்சலை அளந்தால் இரண்டு நியூட்டனுக்குள் அடங்கியது. நூறு நியூட்டன் பல்லுக்கும் அதற்கும் என்ன உறவு? உணரியில் 20 கிலோ எடைக் கற்களைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். 196 என்று சரியாகக் காட்டியது.

இந்த இடத்தில் என்னை நானே குட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் பதிவுசெய்த ஒவ்வொரு கோட்டிலும் வளைவுக்கு முந்தைய நேர்ப்பகுதி கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. மின்சாரத்தில் கோளாறு என்றால் அந்தக் கோளாறு உலோகம் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் வரை பொறுமையாகக் காத்திருக்குமா? இயந்திரத்தின் திருகிலோ பெல்ட்டிலோ குறை என்றால் அது மாதிரியின் மீள்வரம்பைக் கேட்டுக்கொண்டா வெளிப்படும்? பதில் முதல் நாள் கோட்டிலேயே இருந்தது. நான் பற்களை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் சர்வீஸ் பொறியாளர் வந்தார். பெல்ட்டை இறுக்கினார், திருகுத் தண்டுகளுக்கு எண்ணெய் விட்டார், மாதிரி ஒன்றை இழுத்துப் பார்த்தார். பற்களைக் கண்டதும் அவர் முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. மென்பொருளில் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, இருபது புள்ளிச் சராசரி என்ற கட்டத்தில் டிக் போட்டார். அடுத்த கோடு வெண்ணெய் போல வந்தது. “சரியாகிவிட்டது மேடம்” என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் மகிழ்ந்தேன். வினாடிக்கு பத்துப் புள்ளிகள் பதிவாகின்றன. இருபது புள்ளிகளின் சராசரி என்றால் இரண்டு வினாடி. என் பற்களோ ஒன்று, ஒன்றரை வினாடிக்கு ஒன்று. பல்லைப் பிடுங்கவில்லை, வாயை மூடிவைத்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த அழகான கோட்டை மேடமுக்கு அனுப்பிவிட்டேன். பதிலுக்கு வந்த செய்தி: “மூலத் தரவு எங்கே?”

தரவைத் தேடிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில் அண்ணன் தேநீரோடு வந்து நின்றார். “அம்மா, நான் ஒன்று கேட்கிறேன். நேற்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுக் கம்பிகளை இழுத்தார்கள். ஒன்றிலும் பல் வரவில்லையே?”

இதே இயந்திரம், இதே உணரி, இதே எர்த். கம்பி மட்டும் சாதாரண மென் எஃகு. அவர்களுடைய கோப்புகளைத் திறந்தேன். மீள்வரம்பில் எஃகுக்கே உரிய அந்தச் சிறிய மேடும் பள்ளமும், பிறகு வழுவழுவென்று ஏறி இறங்கும் கோடு. நான் பழுதென்று அட்டை மாட்டிய இயந்திரத்தில் அண்ணன் ஒரு வகுப்பையே நடத்தியிருக்கிறார். அட்டையைப் பற்றிக் கேட்டேன். “நீங்கள் எழுதியதுதானே, பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கழற்றி வைத்துவிட்டு, முடிந்ததும் மாட்டிவிட்டேன்” என்றார்.

அலமாரியில் 1100 ரகத் தகடு மிச்சம் கிடந்தது. தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு மேல் அலுமினியம், சொல்லும்படியாக மக்னீசியம் கிடையாது. அதே அளவில் இரண்டு மாதிரிகள் வெட்டி, அதே தட்டைப் பிடியில் போட்டு இழுத்தேன். பல் இல்லை. உடனே 5083. பல் இருந்தது. மறுபடி 1100. இல்லை. அரை மணி நேர வேலை. முதல் வாரத்திலேயே இதைச் செய்திருந்தால் எர்த் குழியில் ஒரு கிலோ உப்பு மிச்சம்.

இதற்குப் பிறகுதான் பூட்டிக்கிடந்த நீட்சிமானியை எடுக்கத் துணிந்தேன். மாதிரியின் உடம்பிலேயே இரண்டு கத்தி முனைகளால் கவ்விக்கொண்டு 25 மி.மீ. இடைவெளி எவ்வளவு விரிகிறது என்று நேராகச் சொல்லும் கருவி. மாதிரி முறியும் நேரத்தில் மாட்டியிருந்தால் கருவி போய்விடும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. 10 சதவீத நீட்சியில் கழற்றிவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கினேன். பதிவு வேகத்தையும் வினாடிக்கு நூறு புள்ளிகளாக உயர்த்தினேன்.

பிடியில் வழுக்கல் இருந்தால் சுமை விழும் தருணத்தில் மாதிரி நீளக் கூடாது; சுமை குறைவதால் இம்மி சுருங்கத்தான் வேண்டும். திரையில் வந்ததோ படிக்கட்டு. கொஞ்ச நேரம் நீட்சியே இல்லாமல் சமதளம். பிறகு சட்டென்று ஒரு தாவல், சுமை விழும் அதே கணத்தில். சில பற்களுக்குத் தாவல் இல்லை, காரணம் பிறகு புரிந்தது. வழுக்கியது பிடியில் அல்ல, உலோகத்துக்குள்ளேயே. இயந்திரத்தின் விறைப்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு பல்லுக்கும் மாதிரி ஏறக்குறைய நூறில் ஒரு மில்லிமீட்டர் திடீரென்று நீளுகிறது. தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

மேடம் விடுப்பு முடிந்து வந்தார். மூலத் தரவைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போர்ட்டவின்–லே சாட்டலியே விளைவு. படித்ததில்லையா?” என்று கேட்டார். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிறது. தேர்வுக்கு வராது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தேன். ஆல்பர்ட் போர்ட்டவினும் ஃபிரான்சுவா லே சாட்டலியேயும் 1923ஆம் ஆண்டிலேயே இழுவிசைச் சோதனையில் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். அவர்கள் இழுத்தது செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியம். பள்ளி வேதியியலில் சமநிலை விதியோடு வரும் லே சாட்டலியே ஹென்றி, இவர் வேறு. கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன் கண்டுபிடித்ததை நான் கிரீஸ் டப்பாவோடு தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடப்பதை எனக்கு நானே விளக்கிக்கொண்டது எங்கள் ஊர்த் தேரை வைத்துத்தான். திருவாரூர்க்காரி நான். ஆழித்தேரை வடம் பிடித்து இழுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைச் சிறு வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் அவர்களுக்கு வேலை போகவில்லை. உலோகம் நிரந்தரமாக நீளுவது என்றால் அதன் படிக அடுக்குகளில் உள்ள டிஸ்லொகேஷன் என்ற கோணல் வரிசைகள் நகருகின்றன என்று பொருள். அவைதாம் தேர். மக்னீசிய அணுக்கள் முட்டுக்கட்டைக்காரர்கள். மக்னீசியம் அலுமினியத்தைவிடப் பருத்த அணு. கோணலுக்குக் கீழே இருக்கும் தளர்ந்த இடம் அதற்கு வசதியாக இருக்கும். தேர் ஒரு தடையில் சற்று நின்றால் போதும், அவர்கள் ஓடிவந்து கட்டையைச் செருகிவிடுவார்கள். வடத்தை இன்னும் பலமாக இழுக்க வேண்டும். சுமை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் தேர் கட்டையை ஏறிக் குதித்து ஓடுகிறது. சுமை விழுகிறது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கிறது. இதோ அடுத்த பல்.

இந்தப் படம் பொய் சொல்கிறதா என்று சோதித்துப் பார்க்க முடியும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. தேரை வேகமாக இழுத்தால் கட்டைக்காரர்களால் எட்டிப்பிடிக்க முடியாது. நிமிடத்துக்கு 19 மி.மீ. வேகத்தில் இழுத்தேன். பற்கள் சிறுத்துவிட்டன. பிறகு வழக்கமான 1.92ஐப் பத்து மடங்கு குறைத்து 0.19இல் இழுத்தேன். பற்கள் ஆழமாகிவிட்டன, அதோடு கோடு முழுவதும் சற்று மேலே ஏறி நின்றது. அதாவது மெதுவாக இழுத்தால் இந்த உலோகம் அதிக பலம் காட்டுகிறது! இயந்திரவியல் வகுப்பில் நான் படித்தது நேர் எதிர்: வேகமாக இழுத்தால்தான் தகைவு கூடும். இரண்டாவது வாரத்தில் இதே வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு உணரியின் அளவு தானாக நகர்கிறது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். கட்டைக்காரர்களுக்கு நேரம் கொடுத்தால் கட்டை நன்றாக இறங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். உருமாற்றம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு கிளம்புவதற்கும், ஓடத் தொடங்கியதும் தடை குறைந்து இன்னும் ஓடுவதற்கும் இந்தத் தலைகீழ் நடத்தையே வேர்.

இன்னொரு கேள்வி என்னைச் சில நாட்கள் தூங்கவிடவில்லை. அறை வெப்பத்தில் திண்மத்துக்குள் அணு எப்படி ஓடும்? சாதாரணமாக ஓடாது. ஆனால் உலோகத்தை இழுக்க இழுக்க அதற்குள் வெற்றிடங்கள், அதாவது அணு இல்லாத காலி இருக்கைகள், பெருகுகின்றன. காலி இருக்கை இருந்தால்தானே ஆள் நகர முடியும். முதல் இரண்டு மூன்று சதவீத நீட்சி வரை பல் முளைக்காமல் இருந்ததற்கு மரபான விளக்கம் இது. இல்லை, அணு கோணலின் நடுவிலேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவினாலே போதும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை.

குளிர், சூடு இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று மேடம் சொன்னார். இதற்கான அறை எங்களிடம் கிடையாது. தெர்மோகோல் பெட்டி ஒன்றை இரண்டாகப் பிளந்து மாதிரியைச் சுற்றி ஒட்டினோம். இயற்பியல் துறையிலிருந்து ஐந்து லிட்டர் திரவ நைட்ரஜன் வாங்கி வந்து சிறிது சிறிதாக ஊற்றினோம். சுமை உணரி குளிர்ந்துவிடக் கூடாது என்று அண்ணன் தன் பழைய வேட்டியைக் கிழித்து மேல் பிடியைச் சுற்றிக் கட்டினார். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் மைனஸ் 110 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் இழுத்தேன். ஒரு பல்கூட இல்லை. கட்டைக்காரர்கள் விறைத்து நின்றுவிட்டார்கள். பலமும் நீட்சியும் சேர்ந்தே கூடியிருந்தன. திரவ இயற்கை எரிவாயுத் தொட்டிகளுக்கு 5083ஐ ஏன் எடுக்கிறார்கள் என்பது கையில் தெரிந்த நாள் அது.

சூட்டுக்கு ஹாட் ஏர் கன். சீரான வெப்பம் கிடைக்காது, கண்காட்சி வேலைதான். ஆய்வேட்டில் இதை நான் சேர்க்கப்போவதில்லை. இருந்தாலும் 150 டிகிரியில் கோடு வழுவழுவென்று வந்தது. அந்தச் சூட்டில் கட்டைக்காரர்கள் தேரோடு கூடவே நடக்கிறார்கள். ஓடிவந்து செருகவும் வேண்டாம், ஏறிக் குதிக்கவும் வேண்டாம். எஃகு இதற்கு நேர்மாறு. அறை வெப்பத்தில் ஒழுக்கமாக இருக்கும் மென் எஃகு, பரப்பில் நீல நிறம் ஏறும் 200 முதல் 300 டிகிரிக்குள் இதே பல்லைக் காட்டும். அங்கே கட்டைக்காரர்கள் கார்பனும் நைட்ரஜனும்.

பற்களைக் கண்ணால் பார்க்கும் ஆசை வந்தது. ஒரு மாதிரியை 220, 600, 1200 என்று உப்புத்தாளில் இறக்கி, கடைசியில் குத்துவிளக்கு துலக்கும் பாலிஷ் போட்டு முகம் தெரியும்படி தேய்த்தேன். அதற்கே ஒரு பகல் போனது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, கைபேசியில் மெதுநகர் காணொளி எடுத்தேன். முதல் இரண்டு முயற்சிகளில் என் சட்டையின் பிரதிபலிப்புதான் விழுந்தது. மூன்றாவதில் கிடைத்தது. இழுக்கும் திசைக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்வில் ஒரு மங்கலான பட்டை, கண நேரத்தில் தோன்றி நின்றுவிடுகிறது. அடுத்தது அதற்குப் பக்கத்தில். அடுத்தது இன்னும் தள்ளி. மாதிரி முழுவதும் சமமாக நீளுகிறது என்று நான் அதுவரை நினைத்திருந்தது கற்பனை. ஒரு நேரத்தில் ஒரு பட்டைதான் நீளுகிறது, மற்ற இடமெல்லாம் சும்மா நிற்கிறது. நீட்சிமானியின் கத்தி முனைகளுக்கு வெளியே பட்டை விழுந்தால் அதில் தாவல் தெரியாது. அந்தக் கணக்கும் தீர்ந்தது.

இந்தப் பட்டைகள் தகட்டின் மேல் தடமாக நின்றுவிடும், பெயின்ட் அடித்தாலும் மறையாது. அதனால் மக்னீசியம் மிகுந்த 5000 வரிசைத் தகடுகளைக் காரின் உள்பக்கப் பாகங்களுக்கு வைத்துக்கொண்டு, வெளியே தெரியும் கதவுக்கும் பானெட்டுக்கும் மக்னீசியம் குறைந்த 6000 வரிசைக்குப் போகிறார்கள். குளிர்பான கேனைத் திறக்கும்போது நீங்கள் இழுக்கும் மூடி 5182; அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இயந்திரத்துக்கு நற்சான்று கொடுத்து அட்டையைக் கழற்றிய பிறகு, ஒப்பீட்டுக்காகத் தட்டை மென் எஃகு மாதிரி ஒன்றை இழுத்தேன். 6 கிலோநியூட்டனைத் தாண்டியதும் சுமை தடாலென்று விழுந்தது. மார்க்கர் கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. இந்த முறை உண்மையாகவே வழுக்கல். ஒரு ஜோடித் தாடையின் பற்கள் மழுங்கிக் கிடந்தன. மென்மையான அலுமினியத்தைக் கடிக்கும் அளவுக்குக் கூர்மை இருந்தது, எஃகைக் கடிக்க இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் உருண்டைக் கம்பிக்கு வேறு தாடை போடுவதால் அது யார் கண்ணிலும் படவில்லை. அண்ணன் சிரிக்காமல் அட்டையை மறுபடி மாட்டினார். புதிய தாடைகள் வர பதினெட்டு நாள் ஆனது.

ஆய்வின் தலைப்பு இப்போது மாறிவிட்டது. அனீலிங்கும் உருட்டலும் நீட்சியை என்ன செய்கின்றன என்பதைவிட, பற்களை என்ன செய்கின்றன என்று அளக்கிறேன். மிக மெதுவான வேகம்தான் பாடு. வினாடிக்கு லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 20 சதவீதம் நீள ஐந்தரை மணி நேரம். விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது.

போன வாரம் அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி நேரம் கழித்து, நீட்சி 14 சதவீதத்தைத் தாண்டியிருந்த நேரத்தில் மின்சாரம் போனது. கணினி யுபிஎஸ்ஸில் பிழைத்தது, மோட்டார் நின்றது. பதினோரு நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. இடைவெளி விழுந்த சோதனை கணக்கில் சேராது. இருந்தாலும் நிறுத்த மனமில்லாமல் தொடரும் பொத்தானை அழுத்தினேன். நின்ற நேரத்தில் சுமை கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுபடி ஏறியபோது விட்ட இடத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி மேலே போய், கூர்மையாக ஒரு கொம்பு முளைத்து, பிறகுதான் விழுந்து பழைய பல்வரிசைக்கு வந்தது. நான் இருட்டில் கொசு அடித்துக்கொண்டிருந்த அந்தப் பதினோரு நிமிடமும் மக்னீசியம் உள்ளே கட்டை செருகிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தக் கோட்டை அச்சிட்டு இயந்திரத்தின் பக்கவாட்டில், அட்டை தொங்கிய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன்.